வளைந்த டிஎன்ஏ துண்டை வைத்து மீச்சுருளின் நுனியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாக்டீரியாவுக்குள் இருக்கும் சிறிய மூடிய டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டை எல்லோரும் வட்டமாகத்தான் வரைகிறோம். செல்லுக்குள் அது வட்டமாக இருப்பதில்லை. தன்மேல் தானே முறுக்கிக்கொண்டு பின்னலாகக் கிடக்கிறது. அந்த மீச்சுருளில் எந்த இடம் எதற்கு எதிரே வரும் என்று தெரிய, முதலில் நுனி, அதாவது பின்னல் மடங்கித் திரும்பும் முனை, எங்கே என்று பார்க்க வேண்டும். என் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பதும் அதைத்தான்.

வளைந்த துண்டுதான் நுனிக்குப் போகும்; ஆகவே முதலில் வளைவுகளைத் தேடுங்கள். டிஎன்ஏ வரிசையில் நான்கு முதல் ஆறு அடினைன்கள் ('A' என்ற எழுத்து) சேர்ந்து வரும் இடங்களைக் குறியுங்கள். தனியாக நிற்கும் ஓர் அடினைன் தொடர், இழையை ஏறத்தாழ 18 பாகைதான் சாய்க்கும். அது 10 அல்லது 11 கார இணைக்கு (இரட்டைச் சுருள் ஏணியின் ஒரு படிதான் ஓர் இணை) ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால்தான் விஷயம். இரட்டைச் சுருள் ஒரு சுற்று முடிக்கச் சுமார் 10.5 இணைகள் ஆவதால், சாய்வெல்லாம் ஒரே பக்கம் விழுந்து கூடும். இடைவெளி 15 என்றால் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். மொத்தத்தில் துண்டு நேராகிவிடும். ஆகவே அடினைனை எண்ணுவதைவிட இடைவெளியை அளப்பது முக்கியம். சந்தேகம் இருந்தால் துண்டை வெட்டியெடுத்து, 4 பாகை செல்சியஸ் குளிரில் பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டுங்கள். வளைந்த துண்டு, அதே நீளமுள்ள நேரான துண்டைவிடப் பின்தங்கும்.

அப்புறம், டிஎன்ஏவில் ஒட்டி அதை வளைக்கும் பாக்டீரியாப் புரதங்கள். சிஏபி என்ற புரதம் உட்காரும் இடத்தில் டிஎன்ஏ சுமார் 90 பாகை வளையும். ஐஎச்எஃப் என்ற புரதம் 160 பாகை அளவுக்கு மடக்கிவிடும். அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வளைவு ஏன் நுனிக்குப் போகிறது? பின்னலின் இரு முனைகளிலும் டிஎன்ஏ திரும்பி வந்தாக வேண்டும். 150 கார இணை நீளத்துக்கு ஏறக்குறைய விறைத்து நிற்கும் மூலக்கூறு அது. இறுக்கமாக மடக்க ஆற்றல் செலவாகும். ஏற்கெனவே வளைந்த துண்டு அங்கே போய் உட்கார்ந்தால் அந்தச் செலவு மிச்சம். வளைவே இல்லாத பிளாஸ்மிட்டில் நுனி இடம் மாறி ஊர்ந்துகொண்டே இருக்கும். வலுவான வளைவு அதைப் பிடித்து நிறுத்தும். கிரிஃபித், லாண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை அது.

சரி, இனி கணக்கு. 3000 கார இணை பிளாஸ்மிட்டில் வளைவு இருக்கும் இடத்தை 0 என்று வைத்து, அங்கிருந்து இணைகளை எண்ணுங்கள். ஒரு நுனி 0, மறு நுனி 1500. இடையில் 700-க்கு எதிரே 2300 வரும், 1000-க்கு எதிரே 2000. 700-இல் ஒரு கட்டுப்பாட்டுப் புரதமும் 2300-இல் ஒரு மரபணுவின் தொடக்கமும் இருந்தால், இழைவழியே 1400 இணை தள்ளி இருந்தும் அவை அடிக்கடி சந்திக்கும்.

இரண்டாவது வளைவு 1500-இல் இருந்தால் இரு நுனியும் நிலைத்துவிடும். 1000-இல் இருந்தால்தான் சிக்கல்: கிளையில்லாத பின்னலில் இரண்டு வளைவும் நுனியில் இருக்க முடியாது. ஒன்று நுனியை விட்டுக்கொடுக்கும், அல்லது பின்னல் கிளைவிட்டு மூன்றாவது நுனி முளைக்கும். அந்த மூன்றாவது நுனிக்குப் போகும் கிளையின் (கரத்தின்) நீளம் 500 என்று சொல்லிவிடலாம்: மொத்தத்தில் பாதியான 1500-இலிருந்து 1000-ஐக் கழியுங்கள். மூன்றாவது நுனியின் இடத்தை அப்படிச் சொல்ல முடியாது. கிளை பிரியும் இடம் நகர்ந்தால் அதுவும் நகரும். அதைப் பார்க்க, மெக்னீசியம் உள்ள கரைசலில் மைக்கா தகட்டின்மேல் பிளாஸ்மிட்டைப் படியவைத்து, அணுவிசை நுண்ணோக்கியில் மூலக்கூறு மூலக்கூறாகப் படம் எடுக்க வேண்டும்.