தனியாக ஆடும் கதைப் பகடை: முதல் ஆட்டத்துக்கு

கூட ஆட ஆள் இல்லையா? ஒரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ‘அயர்ன்ஸ்வோர்ன்’ (2018) என்ற ஆட்டம் நல்ல தொடக்கம். விதிநூலின் பிடிஎஃப் இலவசம். ஆறுமுகப் பகடை ஒன்று, வெவ்வேறு நிறத்தில் பத்துமுகப் பகடை இரண்டு, நோட்டு, பென்சில் போதும்.

பாத்திரத்தின் ஐந்து திறன்களுக்கு 3, 2, 2, 1, 1 என்று பிரித்துக் கொடுங்கள். ஆபத்தான காரியத்தில் இறங்கும்போது மூன்று பகடைகளையும் சேர்த்து உருட்டி, ஆறுமுகத்தில் விழுந்த எண்ணோடு உரிய திறனைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை பத்துமுகப் பகடை இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி. ஒன்றை மட்டும் மிஞ்சினால் அரைகுறை வெற்றி, ஏதாவது விலை கொடுக்க வேண்டிவரும். எதையும் மிஞ்சாவிட்டால் தோல்வி. சமமாக வந்தால் மிஞ்சியதாகாது. புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

“கதவுக்குப் பின்னால் காவலன் இருக்கிறானா?” கதை நடத்துபவர் இல்லாததால் இதற்கும் பகடைதான் பதில் சொல்லும். பத்துமுகப் பகடை ஒன்றைப் பத்தின் இடமாகவும் மற்றதை ஒன்றின் இடமாகவும் வைத்து உருட்டுங்கள். இரண்டிலும் பூஜ்யம் வந்தால் 100. சரிபாதி வாய்ப்பென்றால் 51 முதல் ‘ஆம்’. இருப்பான் போலத் தோன்றினால் 26 முதலே. வாய்ப்பை உருட்டும் முன்பே முடிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் மனம் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளும்.

கேள்விமேல் கேள்வி கேட்டால் கதை நகராது. காட்சிக்கு இரண்டு மூன்று போதும். குறிப்பும் ஓரிரு வரிதான். பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்தால் மூன்றாம் நாளே நோட்டு அலமாரிக்குப் போய்விடும்.