வியர்வைக்கு எந்த நரம்பு? தன்னியக்க நரம்பு மண்டலத்தில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

மே மாதம் சென்ட்ரல் எதிரே பஸ்ஸுக்கு நின்றால் பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வியர்வையைச் சுரக்க வைக்கும் நரம்பு எது, அதன் நுனியில் வெளிவரும் வேதிப்பொருள் எது என்று முதலாம் ஆண்டு எம்பிபிஎஸ் மாணவரைக் கேளுங்கள். நரம்பைச் சரியாகச் சொல்வார்: சிம்பதெடிக், அதாவது பரிவு நரம்பு. வேதிப்பொருள் என்றதும் யோசிக்காமல் "நார்அட்ரினலின்" என்பார். அங்கேதான் மதிப்பெண் போகிறது. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் சிம்பதெடிக் இழைகள் அசிட்டைல்கோலினைத்தான் விடுகின்றன.

பள்ளியில் பரிவு, எதிர்ப்பரிவு (பாராசிம்பதெடிக்) என்று படித்ததிலிருந்தே இரண்டையும் எல்லா வகையிலும் எதிரெதிராக வைத்துப் பழகிவிடுகிறோம். ஆனால் ஒரு இழை சிம்பதெடிக்கா இல்லையா என்பதை அது புறப்படும் இடம்தான் தீர்மானிக்கிறது. தண்டுவடத்தின் டி1 (மார்புப் பகுதியின் முதல் கண்டம்) முதல் எல்2 (இடுப்புப் பகுதியின் இரண்டாம் கண்டம்) வரையிலான பகுதியில் கிளம்பினால் சிம்பதெடிக். மூளையிலிருந்து 3, 7, 9, 10ஆம் கபால நரம்புகள் வழியாகவோ, கீழே தண்டுவடத்தின் அடிப்பகுதியில் எஸ்2 முதல் எஸ்4 வரையோ கிளம்பினால் பாராசிம்பதெடிக். நுனியில் என்ன வெளிவருகிறது என்பது வேறு கணக்கு. உடலியங்கியல் அறிஞர் ஹென்றி டேல் 1933இல் கோலினெர்ஜிக் (அசிட்டைல்கோலினை விடுவது), அட்ரினெர்ஜிக் (அட்ரினலின் வகைப் பொருளை விடுவது) என்ற பெயர்களை முன்வைத்ததே இந்த இரண்டு கணக்கையும் பிரிக்கத்தான். பூச்சிமருந்து குடித்தவர் கேஷுவாலிட்டிக்கு வரும்போது கண்மணி சுருங்கி, எச்சில் வழிந்து, உடம்பெல்லாம் வியர்த்துக் கிடப்பார். அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்கியதன் விளைவு அது. அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் அட்ரோபின் ஏற ஏற வியர்வையும் காய்ந்துவிடும்.

அடுத்த சறுக்கல் வெள்ளை, சாம்பல் ராமஸ். தண்டுவட நரம்பையும் சிம்பதெடிக் சங்கிலியையும் இணைக்கும் சிறு கிளைகள் இவை: வெள்ளை வழியே இழை சங்கிலிக்குள் நுழைகிறது, சாம்பல் வழியே வெளியேறுகிறது. டிசெக்‌ஷன் ஹாலில் நுரையீரலை எடுத்துவிட்டுப் பின்சுவரின் ப்ளூராவை (மார்புக்கூட்டின் உள்சவ்வை) உரித்தால், விலா எலும்புகளின் தலைக்கு முன்னால் சிம்பதெடிக் சங்கிலி இறங்குவது தெரியும். அதன் ஒவ்வொரு கேங்க்லியானிலிருந்தும் (நரம்பணு முடிச்சிலிருந்தும்) விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் பக்கத்து இன்டர்காஸ்டல் நரம்புக்கு மெல்லிய இணைப்புகள் போகும். அதில் வெள்ளை எது என்று நிறத்தைப் பார்த்துத் தேடுவார்கள். ஃபார்மலினில் ஊறிய உடலில் எல்லாம் ஒரே மங்கல்தான். வெளிப்பக்கமாக இருப்பது வெள்ளை, உட்பக்கமாக இருப்பது சாம்பல். இடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்கிறார்கள். வெள்ளை 14 ஜோடி மட்டுமே, ஏனென்றால் இரண்டு நியூரான் கொண்ட இந்த வழியின் முதல் நியூரான் இருக்கும் தண்டுவடத்தின் பக்கக் கொம்பு டி1 முதல் எல்2 வரைதான். சாம்பல் 31 ஜோடி தண்டுவட நரம்புகளுக்கும் உண்டு. உச்சி முதல் பாதம் வரை வியர்வைச் சுரப்பியும் ரத்தக்குழாயும் இருக்கிறதே! முகத்துக்குப் போகவேண்டிய இழைகூட மார்புப் பகுதியில் கிளம்பி, கழுத்து வழியே ஏறி, மேல் செர்விகல் கேங்க்லியானில் சினாப்ஸ் ஆன (இரண்டாம் நியூரானோடு இணைந்த) பிறகுதான் போகிறது. நுரையீரல் உச்சியில் கட்டி வந்தவருக்கு இமை தொங்கி, கண்மணி சுருங்கி, முகத்தின் ஒரு பக்கம் வியர்க்காமல் போவது இந்தச் சுற்றுவழியால்தான்.

சங்கிலிக்குள் நுழைந்த எல்லா இழையும் அங்கேயே சினாப்ஸ் ஆகிறது என்று எழுதுவதும் வழக்கமான தவறு. எழும்பூரில் கிளம்பும் எக்ஸ்பிரஸ் சைதாப்பேட்டை வழியாகத்தான் போகிறது, ஆனால் நிற்பதில்லை. டி5 முதல் டி9 வரை கிளம்பி உள்ளுறுப்புகளுக்குப் போகும் கிரேட்டர் ஸ்ப்ளாங்க்னிக் நரம்பும் அப்படித்தான்: சங்கிலியைக் கடந்து, உதரவிதானத்தைத் துளைத்து, வயிற்றில் சீலியாக் கேங்க்லியானில் சினாப்ஸ் ஆகிறது. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியான மெடுல்லாவுக்குப் போகும் இழைகள் அங்கும் நிற்பதில்லை. நேராக அதன் ஹார்மோன் சுரக்கும் குரோமாஃபின் செல்களில் முடிகின்றன. இரண்டாம் நியூரான் இருக்கவேண்டிய இடத்தில் அந்தச் செல்களே இருக்கின்றன.

ஸ்ப்ளாங்க்னிக் என்று பெயர் வந்தாலே சிம்பதெடிக் என்று எழுதிவிடாதீர்கள். பெல்விக் ஸ்ப்ளாங்க்னிக் முழுக்க பாராசிம்பதெடிக். பக்கத்திலேயே இருக்கும் சேக்ரல் ஸ்ப்ளாங்க்னிக் சிம்பதெடிக். தேர்வாளருக்குப் பிடித்த கேள்வி என்பது இருக்கட்டும், மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்பவருக்கு இது விளையாட்டல்ல. பெல்விக் ஸ்ப்ளாங்க்னிக் அடிபட்டால் சிறுநீர் கழிப்பதும் ஆண்குறி விறைப்பும் பாதிக்கப்படும். வேகஸ் (10ஆம் கபால நரம்பு) குடல் முழுவதையும் பார்த்துக்கொள்கிறது என்று எழுதுவதும் பிழை; குறுக்குப் பெருங்குடலின் மூன்றில் இரண்டு பங்கோடு அதன் எல்லை முடிகிறது, மீதி பெல்விக் ஸ்ப்ளாங்க்னிக்குடையது.

தலைப்பகுதியில் நான்கு கேங்க்லியான்கள்: சிலியரி, டெரிகோபாலடைன், சப்மாண்டிபுலர், ஓட்டிக். நான்குமே ட்ரைஜெமினல் கிளைகளில் தொங்குவதால் 5ஆம் நரம்பையும் பாராசிம்பதெடிக் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அது வெறும் சுமைதூக்கிதான், சரக்கு 3, 7, 9உடையது. காதருகே இருக்கும் எச்சில் சுரப்பியான பரோட்டிட்டுக்கான வழியை ஒருமுறை விரலால் தொட்டுத் தொட்டுப் படியுங்கள்: 9ஆம் நரம்பு, நடுக்காதில் டிம்பானிக் பின்னல், லெஸ்ஸர் பெட்ரோசல், ஓட்டிக்கில் சினாப்ஸ், பிறகு ஆரிகுலோடெம்போரல் மேல் ஏறி சுரப்பி. பரோட்டிட் அறுவைக்குப் பிறகு சிலருக்கு ஊறுகாயைத் தொட்டாலே கன்னம் வியர்க்கும். அறுந்த பாராசிம்பதெடிக் இழைகள் வழிதவறித் தோலின் வியர்வைச் சுரப்பிக்குள் வளர்ந்துவிடுகின்றன. சுரப்பி எதிர்பார்ப்பதும் அசிட்டைல்கோலின்தான் என்பதால் வேலை நடந்துவிடுகிறது. ஃப்ரே சிண்ட்ரோம் என்பது இதுதான்.

எல்லா உறுப்புக்கும் இரட்டை நரம்பு என்பதும் சரியல்ல. கைகால்களுக்குப் பாராசிம்பதெடிக் கிடையாது. கை சூடாகிச் சிவப்பது சிம்பதெடிக் பிடி தளர்வதால்.

கடைசியாக, பலரும் படிக்காமலே விடும் பகுதி. இந்த வழிகளில் கீழிறங்கும் கட்டளைகள் மட்டும் போவதில்லை, உணர்வும் திரும்பி வருகிறது. வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பங்கு உணர்விழைகளே. இதயத்தின் வலியைச் சொல்லும் இழைகள் சிம்பதெடிக் வழியே, எந்தக் கேங்க்லியானிலும் சினாப்ஸ் ஆகாமல், மேல் மார்புத் தண்டுவடத்துக்குப் போகின்றன. அதே பகுதிகளுக்குத்தான் மார்பிலிருந்தும் இடது கையின் உட்பக்கத்திலிருந்தும் உணர்வு வருகிறது, அதனால்தான் மாரடைப்பில் கை வலிக்கிறது. நீண்டநாள் சர்க்கரை நோயில் இந்த இழைகள் கெட்டுப்போயிருந்தால் அந்த வலியே வராமல், வெறும் மூச்சிரைப்போடு நோயாளி ஓபி வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.