டிபிடி சிகிச்சை: வீட்டார் செய்யும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு வளவு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். கையில் கீறிக்கொண்ட தழும்பு முழுக்கைச் சட்டைக்குள் இருக்கிறது. வெளியே நிற்கும் அப்பத்தா, "ஒனக்கு என்ன கொறை வச்சோம்? இதுக்கெல்லாமா அழுவாக?" என்கிறார். பாசத்தில்தான் கேட்கிறார். ஆனாலும் முதல் தவறு அந்தக் கேள்விதான்.

டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி, பேச்சும் பயிற்சியும் சேர்ந்த மனநலச் சிகிச்சை. இப்படித் தவிப்பவர்களுக்காகவே அதை அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹான் உருவாக்கியது. இளவயதில் தானும் இதே துன்பத்தில் கிடந்ததை 2011இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். 1991இல் வெளியான முதல் ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட டிபிடி பெற்ற பெண்கள் தங்களைக் காயப்படுத்திக்கொண்டது குறைவு. பாதியில் விட்டவர்களும் குறைவு.

"நீ படுற வேதனை நிசம்" என்பது ஒரு பாதி. "இதைத் தாங்க வேற வழி பழகுவோம்" என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் இந்த முறையின் உயிர். நம் வீடுகளில் முதல் பாதியை விழுங்கிவிட்டு நேரே புத்திமதிக்குப் போய்விடுகிறோம். ஆமாம் போட்டால் கீறிக்கொள்வதற்கும் சம்மதித்ததாகிவிடுமோ என்று பயம். ஆகாது. ஒத்துக்கொள்வது அவள் வலியை மட்டும்தான்.

அடுத்த தவறு, டிபிடியில் கற்றுத்தரும் பயிற்சியை நெருக்கடி நாளுக்கென்று ஒத்திவைப்பது. குண்டானில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மூச்சைப் பிடித்து, கண்ணும் கன்னமும் முங்கும்படி சில விநாடிகள் முகத்தை வைத்தால் இதயத் துடிப்பு தணியும். மனசு தெளிவாக இருக்கும் நாளில் நாலு தடவை செய்து பழகியிருந்தால்தான் கெட்ட நாளில் கைகொடுக்கும். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

சிகிச்சையாளரிடம் காட்டுவதற்காக அன்றன்றைய மனநிலையைத் தினமும் அவள் எழுதும் குறிப்பு அட்டையைத் திருட்டுத்தனமாகப் படிக்காதீர்கள். தாழ்ப்பாள் போட்டாலே ஏனென்று கேட்கும் கூட்டுக்குடும்பத்தில் அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு தாள்தான். நீங்கள் படிப்பது தெரிந்தால் உண்மை எழுதமாட்டாள்; சிகிச்சையாளருக்கும் வழி தெரியாமல் போகும்.

இரண்டு மாதத்தில் முகம் தெளிந்ததும் "சரியாயிருச்சு, மாப்பிள்ளை பார்ப்போம்" என்று நிறுத்துவதும் நடக்கிறது. தனி அமர்வு, குழு வகுப்பு, இடையில் தொலைபேசி உதவி என்று முழுச் சுற்று பெரும்பாலும் ஓராண்டு. மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்று பட்டால் அடுத்த அமர்வுவரை காத்திருக்க வேண்டாம். அவளைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பேசி வழி கேட்க, அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனாஸ் எண் 14416 இருக்கிறது; இரவிலும் எடுப்பார்கள்.