கொஸ்டின் பேப்பர்ல கணக்குப் படம்: லேட்டெக்ஸ்ல எந்த டூல் எடுக்கறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டியூஷன் எடுக்கற கணக்கு சார், மேடம் யாராச்சும் கொஸ்டின் பேப்பர லேட்டெக்ஸ்ல (LaTeX, கட்டளையா டைப் பண்ணா பக்கத்த அமைச்சுக் குடுக்கற சாஃப்ட்வேர்) அடிக்கறீங்கன்னா இது உங்களுக்குத்தான். எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்கும், படம் மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டினதா இருக்கும், ஜெராக்ஸ் போட்டா அது மட்டும் மங்கிடும். படத்தையும் கோட் (code) எழுதியே வரைஞ்சா அந்தத் தொல்லை இல்ல, படத்துல இருக்கற எழுத்தும் பேப்பர் எழுத்தும் ஒரே ஃபான்ட்ல வரும்.

ஸ்டெப் 1: டூல் முடிவு பண்ணுங்க. முக்கோணம், வட்டம், கிராஃப்னா கண்ண மூடிட்டு டிக்ஸ் (TikZ, லேட்டெக்ஸுக்குள்ளயே படம் வரையற பேக்கேஜ்). கூம்பு, கோளம்னு நெஜமான 3டி வேணும்னா அசிம்ப்டோட் (Asymptote, படம் வரையறதுக்குன்னே இருக்கற தனி மொழி). மெட்டாபோஸ்ட்னு (MetaPost) ஒரு படம் வரையற மொழி இருக்கு, பழசு, டெக்ஸ உருவாக்குன டொனால்ட் க்னூத்தோட ஃபான்ட் வரையற மொழியான மெட்டாஃபான்ட்ட வெச்சு ஜான் ஹாபி பண்ணது, வளைவெல்லாம் அவ்ளோ அழகா வரும், ஆனா புதுசா வர்றவங்களுக்கு இப்ப வேணாம். பிஎஸ்ட்ரிக்ஸ்னு (PSTricks) இன்னொரு பேக்கேஜ், நேரா பிடிஎஃப் குடுக்கற பிடிஎஃப்லேட்டெக்ஸ் (pdfLaTeX) கம்பைலர்ல அது நேரா ஓடாது, விட்டுடுங்க.

ஸ்டெப் 2: லேட்டெக்ஸ் ஓட வேண்டியதெல்லாம் சேர்ந்து வர்ற டெக்ஸ் லைவ் (TeX Live) போடுங்க, லேப்டாப்ல இடம் இல்லன்னா பிரவுசர்லயே ஓடற ஓவர்லீஃப் (Overleaf). படத்துல தமிழ் எழுத்து வேணும்னா கம்பைலர (கோட பிடிஎஃப்பா மாத்தறது) ஸீலேட்டெக்ஸுக்கு (XeLaTeX) மாத்தி, ஃபான்ட்ஸ்பெக் (fontspec) பேக்கேஜ் வழியா ஒரு தமிழ் ஃபான்ட்டும் குடுத்துடுங்க.

ஸ்டெப் 3: இப்ப வரையலாம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை உச்சிய 30° ஏற்றக்கோணத்துல பாக்கறோம்னு பத்தாவது கணக்கு ஒண்ணு வெச்சுக்கங்க. டிக்ஸ் பேக்கேஜ சேத்து, டிக்ஸ்பிக்சர் (tikzpicture) பகுதிக்குள்ள பேக்ஸ்லாஷ் டிரா (\draw) போட்டு, அதுக்கப்பறம் இவ்ளோதான்:

(0,0) -- (30:5) |- (0,0);

30:5ன்னா 30 டிகிரி திரும்பி 5 செ.மீ. போன்னு அர்த்தம், அடுத்து இருக்கற |- மொதல்ல செங்குத்தா எறங்கி அப்பறம் படுக்கையா ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துடும், செங்கோண முக்கோணம் ரெடி, உச்சி எங்க வருதுன்னு டேன் சைன் போட்டு நீங்க கணக்கு பாக்கவே வேணாம் (எனக்கு டிக்ஸ் புடிச்சதே இதுக்குத்தான்). கடைசி ; விட்டுட்டீங்கன்னா செமிகோலன மறந்துட்டியான்னு எரர்லயே கேக்கும். படத்துல புள்ளிக்குப் பேர் எழுத நோடுன்னு (node) ஒரு கட்டளை இருக்கு.

ஸ்டெப் 4: பரவளையம் மாதிரி கிராஃபுக்கு பிஜிஎஃப்பிளாட்ஸ் (pgfplots) பேக்கேஜ சேத்துக்கங்க, டிக்ஸ் மேலயே ஓடறது, அச்சு, அளவெல்லாம் அதுவே போட்டுடும். சைன் கிராஃப் மட்டும் உஷார். அது கோணத்த டிகிரியாத்தான் எடுத்துக்கும், நீங்க ரேடியன்னு நெனச்சு 0ல இருந்து 6.28 வரைக்கும் குடுத்தா அலையே வராது, சாய்வா ஒரு கோடு போட்டுட்டு நிக்கும். 0ல இருந்து 360ன்னு குடுங்க, சரியாயிடும்.