ஏரியில் மீன் பெருக, மதகை எப்போது மூட வேண்டும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரி நிரம்பிக் கோடி போகும் (உபரி நீர் வழியும்) ஆண்டில் மீன் விடும் ஆர்வம் எல்லா ஊரிலும் வந்துவிடுகிறது. ஆனால் மீன் விடும் நாளைவிட, எந்த மட்டத்தில் மதகை மூடுவது என்று ஊர் கூடி முடிவு செய்யும் நாளே முக்கியமானது. பாலக்கோடு பக்கத்தில் எங்கள் ஏரியில் ஒரு கார்த்திகையில் விரலிகளை (விரல் நீள மீன் குஞ்சுகளை) விட்டோம். மாசியில் கடைசித் தண்ணீரும் நெல்லுக்குப் போயிற்று. பங்குனியில், மதகடியில் தேங்கிய முழங்கால் சேற்றில், அரைக் கிலோகூடத் தேறாத கட்லாக்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த காட்சியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

முதலில் ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேற்பட்டால் பெரும்பாலும் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் விடுவதற்கு முன்பே ஆயக்கட்டுக்காரர்களையும், மதகைத் திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியையும், ஏலம் எடுக்க விரும்புவோரையும் ஒன்றாக உட்கார வைத்து, எந்த மட்டத்துக்குக் கீழே தண்ணீர் திறப்பதில்லை என்று பேசி, அந்த மட்டத்தை மதகுக் கல்லில் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்ட ஒப்பந்தம் மாசி வெயிலில் நிற்பதில்லை.

கோட்டுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் கோடையைத் தாங்க வேண்டுமானால் ஏரிக்குள் ஒரு பள்ளம் வேண்டும். இங்கே கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை ஆவியாகிறது. மூன்று மாதத்தில் இரண்டடி போய்விடும், மண்ணில் இறங்குவது தனி. ஆகவே ஆறடிக்குக் குறையாத ஆழம் தேவை. வயலுக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி பெறும் விவசாயிகளை, அனுமதித்த இடத்திலும் ஆழத்திலும், ஏரி முழுவதும் சிதறித் தோண்டாமல் ஒரே பகுதியில் எடுக்கச் செய்தால், தனிச் செலவின்றிப் பள்ளம் உருவாகிவிடும். கரையின் அடியிலும் மதகின் அருகிலும் மட்டும் தோண்டவே கூடாது, கரை பலவீனப்படும்.

தண்ணீரை மீனுக்காக ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று ஆயக்கட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. அவருடைய கிணற்றுக்காகத்தான் என்பதே என் பதில். ஏரியில் நிற்கும் தண்ணீர் மண்ணில் இறங்கிக் கிணற்றின் நீர்மட்டத்தைத் தாங்குகிறது. 100 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 லிட்டரை மேலே தூக்க, மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால், ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரம் ஆகும். நீர்மட்டம் 50 மீட்டரில் நின்றால் அதில் பாதி போதும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த வேறுபாடு கட்டணத்தில் தெரியாது; ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள், அல்லது சூரிய சக்தி பம்பு ஓடும் பகலுக்குள், எத்தனை பாத்தி நனைகிறது என்பதில் நன்றாகத் தெரியும். ஏரி காய்ந்தால் போர்வெல்லை இன்னும் ஆழமாகப் போட வேண்டியதாகிறது. பாறை நீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்கள் இவை. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்புக்கு 2,000 விரலிகள் என்பது வழக்கமான கணக்கு. நிரம்பிய ஏரியின் பரப்பை வைத்துக் கணக்கிடாமல், தை மாதத்தில் எவ்வளவு பரப்பு மிஞ்சும் என்பதை வைத்துக் கணக்கிடுங்கள். மேல்நீரில் மேயும் கட்லா நான்கு பங்கு, நடுநீரில் மேயும் ரோகு மூன்று, அடியில் மேயும் மிருகால் மூன்று என்று விடலாம். விரல் நீளத்துக்குக் குறைந்த குஞ்சுகளை வாங்காதீர்கள். விராலும் கெளுத்தியும் அவற்றைத் தின்றுவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்டது. யார் இலவசமாகக் கொடுத்தாலும் ஏரிக்குள் விடாதீர்கள். ஆலோசனை வேண்டுவோருக்குப் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது.

விரலிகளை விடியற்காலையில் கொண்டுவந்து, பையைப் பிரிக்காமல் இருபது நிமிடம் ஏரி நீரில் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏரி நீரைப் பைக்குள் சேர்த்து, அவை தாமாக நீந்தி வெளியேற விட வேண்டும். கெலவரப்பள்ளி அணையிலிருந்து கால்வாய் வழியாக நிரம்பும் ஏரியானால், பெங்களூருவின் கழிவு கலந்து நுரை பொங்கும் நாட்களில் விடாமல், நீரைப் பரிசோதித்த பிறகே விடுங்கள்.

கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் குஞ்சு பொரிப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வாங்கித்தான் விட வேண்டும். தானாகப் பெருகுபவை கெண்டை, குரவை, விரால் போன்ற நாட்டு மீன்களே. முதல் வெள்ளம் வரும்போது அவற்றில் பல வரத்துக் கால்வாயின் புல் மண்டிய ஆழமற்ற இடத்துக்கு ஏறி முட்டையிடும். அந்த நாட்களில் கால்வாயின் குறுக்கே மீன்பிடிக் கூட்டையும் வலையையும் கட்டுவதை ஊர் தடுத்தால் போதும். ஓரத்து நீரில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகச் சுழன்றால், அடியில் பெற்றோர் விரால் காவலுக்கு நிற்கிறது என்று பொருள். குஞ்சுகள் பிரிந்து போகும் வரை அந்த ஓரத்தில் யாரும் தூண்டில் போட வேண்டாம்.