தீப்பெட்டிக் கன்டெய்னரும் ஜூஸ் அட்டைக் கப்பலும்: பிள்ளைகளுக்குக் கடல்துறை வேலைகளைக் காட்டும் வழி

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கப்பல் வேலைகளைச் சொல்லச் சொன்னால் கேப்டன், இன்ஜினீயர் இரண்டோடு நின்றுவிடும். தூத்துக்குடியில் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தபடி பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் அப்படித்தான். ஸ்லைடு போட்டு வேலைகளை வரிசையாக வாசித்தால் கொட்டாவிதான் வரும். சரக்கை அவர்கள் கையில் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள், யார் யார் தேவை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் நடத்தும் முறை இது.

1. கப்பல் கட்டுவது

ஒரு லிட்டர் ஜூஸ் அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து மேல்பக்கத்தை வெட்டி எடுங்கள். அகலத்தில் இரண்டு, நீளத்தில் மூன்று தீப்பெட்டிகள் உட்காரும். பிளாஸ்டிக் டிரே வேண்டவே வேண்டாம். அகலமான டிரே எப்படி ஏற்றினாலும் கவிழாது. கவிழாத கப்பலை வைத்து என்ன சொல்லித்தர முடியும்?

காலித் தீப்பெட்டி 24 வேண்டும். எட்டில் மணலை இறுக்கி நிரப்புங்கள். மொத்தம் 24இல் பாதிக்கு நீலத்தாள் ஒட்டுங்கள், அது கொழும்பில் இறங்கும் சரக்கு. மீதிக்குச் சிவப்பு, அது சிங்கப்பூர். ஒரு வாளித் தண்ணீர், அவ்வளவுதான் துறைமுகம்.

2. ஆட்களைப் பிரிப்பது

குழுவுக்கு நான்கு பேர். பிளானர், அதாவது எந்தப் பெட்டி எங்கே என்று திட்டமிடுபவர், வேறு அறையில் உட்கார்ந்து போனில் மட்டும் சொல்ல வேண்டும், கப்பலைப் பார்க்கக் கூடாது. கிரேன் ஓட்டுநர் சொன்ன இடத்தில் மட்டும் வைப்பார். டாலி எடுப்பவர் எந்தப் பெட்டி எங்கே போனது என்று எழுதுவார். சீஃப் ஆபீசருக்கு (கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) ஒரே அதிகாரம்: "ஏற்றாதே" என்று நிறுத்தலாம்.

பிளானரைத் தனி அறையில் வைப்பதை விட்டுவிடாதீர்கள். நிஜத்திலும் பெட்டிகளுக்கு இடம் குறிப்பவர் பெரும்பாலும் கரையில், ஏதோ ஓர் அலுவலகத்தில்தான் இருக்கிறார். கடலுக்கே போகாமல் கப்பல் வேலை உண்டு என்பது பிள்ளைகளுக்கு இங்கேதான் உறைக்கும்.

3. ஏற்றுவது (இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள்)

முதல் சுற்றில் கனமான எட்டும் சிங்கப்பூர் பெட்டிகள். கனம் அடியில், முதலில் இறங்கும் கொழும்பு மேலே. சுலபம். ஒருமுறை வேண்டுமென்றே கனத்தையெல்லாம் உச்சியில் வைக்கச் சொல்லுங்கள். கப்பல் கவிழும், எல்லோரும் கத்துவார்கள்.

இரண்டாம் சுற்றில் தாளை மாற்றி, கனமான எட்டையும் கொழும்புக்கு ஆக்குங்கள். இப்போதுதான் தலைவலி. கனத்தை அடியில் வைத்தால் கொழும்பில் எல்லாவற்றையும் தூக்கி இறக்க வேண்டும். மேலே வைத்தால் வாளிக்குள் போய்விடும். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஆறு அடுக்கில் (ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு பெட்டி ஓர் அடுக்கு) மூன்றைக் கொழும்புக்கும் மூன்றைச் சிங்கப்பூருக்கும் தனித்தனியாக ஒதுக்கலாம் என்று யாராவது சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். ஆனால் மூன்றையும் ஒரே பக்கம் வைப்பார்கள், கப்பல் சாயும்.

எனக்குச் சரியாக வருகிற விடை: அணியத்தில் (முன்பக்கம்) இடது அடுக்கும் அமரத்தில் (பின்பக்கம்) இடது அடுக்கும் நடுவில் வலது அடுக்கும் கொழும்பு. இடது அடுக்குகளில் கனம் இரண்டிரண்டு, அதுவும் அடியில். நடு அடுக்கில் நான்குமே கனம். இரு பக்கமும் நான்கு நான்கு. கொழும்பில் இறக்கிய பிறகு கப்பல் லேசாக வலப்பக்கம் சாயும். ஒரு ஹோமியோபதிக் குப்பியில் தண்ணீர் நிரப்பி மூடி, இடப்பக்கம் வையுங்கள். அதுதான் பேலஸ்ட், கப்பலைச் சமநிலையில் வைக்க ஏற்றும் தண்ணீர். தண்ணீரை நேராக அட்டைக்குள் ஊற்றினால் சாய்கிற பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். கப்பலிலும் அதனால்தான் பேலஸ்ட் தொட்டிகளைக் கூடியவரை முழுதாகவோ காலியாகவோ வைக்கிறார்கள்.

4. பெட்டி எண்

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஓர் எண் உண்டு: நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். சாலையில் போகும் கன்டெய்னரிலிருந்தே எழுதிவரச் சொல்லலாம். ஆங்கில எழுத்துகளுக்கு 10 முதல் மதிப்பு, ஆனால் 11, 22, 33 வராது: ஏ 10, பி 12, எல் 23, வி 34. பெரும்பாலான விடைகள் தப்புவது இந்த விடுபட்ட எண்களால்தான். ஒவ்வொரு மதிப்பையும் வரிசையாக 1, 2, 4, 8 என 512 வரை பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0. சிஎஸ்கியூயு 305438 என்பதற்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. இதற்கு ஆப் எல்லாம் வேண்டாம், தாளும் பேனாவும் போதும்.

5. மோதாமல் போவது

மைதானத்தில், இருட்டிய பிறகு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கப்பல். வலக்கையில் பச்சை டார்ச், இடக்கையில் சிவப்பு, செல்லோபேன் தாள் சுற்றினால் சரி. பேசக் கூடாது. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வருபவரின் சிவப்பு தெரிந்தால் நீங்கள் விலகுங்கள். பச்சை தெரிந்தால் வேகமும் திசையும் மாறாமல் போங்கள்.

பின்னர் சேர்த்தது

தீப்பெட்டி ஊறிவிடுகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். செல்லோடேப்பை முழுக்கச் சுற்றுங்கள், மெழுகு வேண்டாம், வழுக்கும்.

பெற்றோர் கேட்பது அடுத்து என்ன படிப்பது என்று. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் இருந்தால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வு. நாட்டிகல் சயின்ஸ் பி.எஸ்சி. 3 ஆண்டு, மரைன் இன்ஜினீயரிங் பி.டெக். 4 ஆண்டு. பத்தாம் வகுப்போடு போகிறவர்களுக்கு ஜிபி ரேட்டிங் என்ற ஆறு மாத மாலுமிப் பயிற்சி உண்டு. எதுவானாலும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி பெற்ற நிறுவனமா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அதற்கும் முன்னால் கண் டாக்டரிடம் நிறப்பார்வையைச் சோதித்துவிடுங்கள், மாலுமிக்கான மருத்துவத் தகுதிக்கு அது வேண்டும். டார்ச் விளையாட்டில் சிவப்பு பச்சை குழம்புகிற பிள்ளை இருந்தால் வகுப்பில் சொல்லாதீர்கள், வீட்டாரிடம் தனியாகச் சொல்லுங்கள். பிளானர் வேலைக்கு அந்த மாலுமி மருத்துவத் தகுதி தேவையில்லை.