பிராமைக் கடையிலேயே தள்ளிப் பாருங்கள்

குழந்தையை வைத்துத் தள்ளிச் செல்லும் வண்டியான பிராம் வாங்கப் போனால் நிறம், தொங்கும் பொம்மை எல்லாம் அப்புறம். முதலில் சக்கரத்தைப் பாருங்கள். கடையின் வழவழப்பான தரையில் எந்த வண்டியும் ஓடும். நம் தெருவின் வேகத்தடையிலும் பெயர்ந்து கிடக்கும் நடைபாதைக் கல்லிலும் சின்ன பிளாஸ்டிக் சக்கரம் சிக்கிக்கொள்ளும், குலுக்கல் முழுக்கக் குழந்தைக்கு. சற்றுப் பெரிய சக்கரமும் ஸ்பிரிங்கும் உள்ளதே என் தேர்வு, விலை கொஞ்சம் கூடினாலும்.

ஒரு கையால் தள்ளித் திருப்பிப் பாருங்கள். குனியாமல் தள்ள முடிகிறதா? கைப்பிடியின் உயரத்தை மாற்ற முடிந்தால் தாத்தா பாட்டிக்கும் வசதி. பிறகு விற்பனையாளரை விட்டுவிட்டு நீங்களே மடக்கிப் பாருங்கள். லிஃப்ட் இல்லாத மாடி வீடு என்றால் தூக்கியும் பாருங்கள்.

தானாக உட்காரப் பழகாத குழந்தைக்கு இருக்கை முழுதாகப் படுக்கையாகச் சாய வேண்டும். பெல்ட் இரு தோள், இடுப்பின் இரு பக்கம், கால் இடுக்கு என ஐந்து இடத்தில் பிடிப்பதாக இருக்கட்டும்.

வெயிலுக்காகப் பிராமைத் துணியால் மூடுவதைப் பலரும் செய்கிறார்கள், வேண்டாம். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும். கூரையை இழுத்துவிட்டு, காலையிலோ மாலையிலோ போவதே சரி.

காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்பக்கம் சாய்ந்துவிடும். அடியில் இருக்கும் கூடை அதற்குத்தான்.